மீன் தொட்டியில் கோளாறு: அறிகுறியைப் பிடித்துக் காரணத்தைத் தேடும் வழி

மீன் சோர்ந்து கிடப்பதைப் பார்த்ததும் கை மருந்துப் புட்டியைத் தேடும். அதற்கு முன் தொட்டியின் எதிரில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். எத்தனை மீனுக்கு இந்தக் கோளாறு? எவ்வளவு நேரத்தில் வந்தது? வெவ்வேறு இன மீன்கள் எல்லாம் ஒரே நாளில் சோர்ந்தால் கோளாறு தண்ணீரில். முதலில் ஒன்று, இரண்டு நாள் கழித்து இன்னொன்று, அப்புறம் மூன்றாவது என்று போனால் அது தொற்று. ஒரே ஒரு மீன் மட்டும் வாரக்கணக்கில் வாட, மற்றவை நன்றாகத் திரிந்தால், அந்த மீனின் உடம்புக்குள் ஏதோ கோளாறு. இல்லையென்றால் மற்ற மீன்கள் அதைத் துரத்தித் துரத்தி அடிக்கின்றன.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) நான்கையும் காட்டும் சொட்டு டெஸ்ட் கிட், தெர்மாமீட்டர், கிராம் காட்டும் சின்னத் தராசு, அயோடின் சேர்க்காத கல் உப்பு, குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின், ஒரு டார்ச், நோயாளி மீனைத் தனியே வைக்க 10-15 லிட்டர் வெறும் தொட்டி. தொட்டியில் உண்மையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதையும் இப்போதே கணக்குப் போட்டு எழுதி வையுங்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். 60 × 30 × 30 தொட்டிக்கு 54 லிட்டர் வரும். ஆனால் மேலே விட்ட இடைவெளியும் மணலும் கல்லும் போக உள்ளே 45 லிட்டர்தான் நிற்கும். 54-க்கு மருந்து ஊற்றினால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் மருந்து மீனின் தலையில் விழுகிறது.

எல்லா மீனும் மேலே வந்து வாய் பிளந்து நிற்கின்றன

சண்டைமீனும் கௌராமியும் அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போவது இயல்பு. கப்பி, டெட்ரா, டேனியோ எல்லாம் மேல்மட்டத்திலேயே நின்று செவுளை வேகமாக அடித்தால் அது அவசரம். எந்த நேரத்தில் நடக்கிறது என்பதுதான் இங்கே துப்பு.

விடியற்காலையில் மட்டும் நடந்து, விளக்குப் போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் சரியாகிவிட்டால், ஆக்சிஜன் குறைவு. செடி அடர்ந்த தொட்டியும் பச்சைத் தண்ணீரும் பகலில் ஆக்சிஜன் தரும், இரவில் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் இது கூடும். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். ஏர் பம்ப்பை இரவு முழுக்க ஓட விடுங்கள். குமிழிகள் தண்ணீருக்குள் ஆக்சிஜனைக் கரைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி வேலையைச் செய்வது மேற்பரப்பு அலைவதுதான். ஆகவே மேலே எண்ணெய் போலப் படலம் கட்டியிருந்தால் முதலில் காகிதத் துண்டைப் பரப்பி அதை ஒற்றி எடுங்கள்.

தண்ணீர் மாற்றிய ஒரு மணி நேரத்துக்குள் நடந்தால், குளோரின். மீன்கள் கண்டபடி பாயும், செவுள் சிவக்கும் அல்லது வெளிறும். உடனே ஆன்டி குளோரின் போடுங்கள், காற்றைக் கூட்டுங்கள். சோடியம் தயோசல்பேட் படிகமாகக் கையில் இருந்தால் 100 லிட்டருக்கு ஒன்றரை கிராம், 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) குளோரினை முறிக்கப் போதும். தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துக் காற்று விட்டால் குளோரின் பறந்துவிடும் என்பது சரிதான். ஆனால் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) போட்ட தண்ணீருக்கு அது பொருந்தாது. குளோரமின் நாள்கணக்கில் நிற்கும். தயோசல்பேட் அதை முறித்தாலும் பின்னால் அம்மோனியா மிஞ்சும். அதனால் குளோரமின் உள்ள இடத்தில் அம்மோனியாவையும் கட்டிப்போடும் வகை ஆன்டி குளோரின்தான் வேண்டும்.

தொட்டி வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து பாருங்கள். மீன் கழிவு அம்மோனியாவாகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இந்த இரண்டு கூட்டமும் ஃபில்டரில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனை நிறைய விட்டால் அம்மோனியா ஏறும், அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். அம்மோனியா 0.25 பிபிஎம்-ஐத் தாண்டினால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். பாதி மாற்றினால் 2 பிபிஎம் 1 ஆகும், பூஜ்யம் ஆகாது. ஆகவே மறுநாளும் மாற்ற வேண்டியிருக்கும். நைட்ரைட் இரத்தத்தைப் பழுப்பாக்கி ஆக்சிஜனைச் சுமக்க விடாது, செவுளைத் தூக்கிப் பார்த்தால் சாக்லேட் நிறம் தெரியும். தண்ணீர் மாற்றுவதோடு லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு போடுங்கள். உப்பிலுள்ள குளோரைடு செவுளின் வாசலில் நைட்ரைட்டோடு போட்டியிட்டு அதை உள்ளே போகவிடாமல் தடுக்கும். நைட்ரைட்டை அது அழிப்பதில்லை, மீனுக்கு அவகாசம் வாங்கித் தருகிறது.

பழைய தொட்டியில் திடீரென அம்மோனியா வந்தால் ஃபில்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஸ்பான்ஜைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவினீர்களா? அதிலிருந்த பாக்டீரியா குளோரினில் போய்விட்டது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் விட்டு, அதில் இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். பழுப்பு நிறம் மிச்சம் இருப்பதுதான் நல்லது. மின்சாரம் பல மணி நேரம் நின்றிருந்தால் மூடிய ஃபில்டருக்குள் காற்றில்லாமல் எல்லாம் அழுகியிருக்கும். அதை அப்படியே மறுபடி ஓடவிட்டால் அந்த அழுக்கு முழுவதும் தொட்டிக்குள் கொட்டும். கழற்றி அலசிவிட்டு ஓடவிடுங்கள்.

பல மாதம் நன்றாக ஓடிய தொட்டி. பெரிய அளவில் தண்ணீர் மாற்றிய அன்றே மீன்கள் சாகின்றன

இது பலரையும் ஏமாற்றும் கோளாறு. தண்ணீரைச் சுத்தம் செய்ததற்கே மீன் செத்தது போலத் தெரியும், அடுத்த முறை தண்ணீர் மாற்றவே பயம் வரும். நடப்பது வேறு. அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் வேலை தண்ணீரிலுள்ள, அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டைத் தின்னும். மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாமல், ஆவியானதை மட்டும் நிரப்பி வந்தால், அந்தக் கையிருப்பு தீர்ந்து பிஎச் 6-க்குக் கீழே போகும். அந்த அளவில் பாக்டீரியா மந்தமாகிவிடும், அம்மோனியா சேரும். ஆனால் அமிலத் தண்ணீரில் அது தீங்கு குறைந்த அம்மோனியம் வடிவில் நிற்பதால் மீன்கள் தாக்குப்பிடிக்கும். அந்த நேரத்தில் பிஎச் 8 உள்ள புதுத் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றினால், அம்மோனியம் விஷ அம்மோனியாவாக மாறும். 28 டிகிரியில், பிஎச் 7-ல் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பிஎச் 8-ல் நூற்றுக்கு ஆறேழு பங்கு.

அதனால் பழைய தொட்டியைச் சீர் செய்யும் முன் தொட்டித் தண்ணீரின் பிஎச்சையும் நிரப்பப்போகும் தண்ணீரின் பிஎச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். வித்தியாசம் ஒன்றுக்கு மேல் இருந்தால் நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் பத்து, பதினைந்து நாள் மாற்றுங்கள். அதன் பிறகு வாரம் கால் பங்கு என்று வழக்கமாக்கிக்கொண்டால் இந்த நிலை திரும்ப வராது. இப்படிப்பட்ட தொட்டியில் புதிதாக விட்ட மீன் மட்டும் சாவதும் இதே காரணத்தால்தான். பழைய மீன்கள் மெல்ல மெல்லப் பழகியவை, புதிது பழகாதது.

தண்ணீர் வெள்ளையாக, அல்லது பச்சையாகக் கலங்குகிறது

புதுத் தொட்டியில் பால் கலந்தது போலத் தெரிந்தால் பாக்டீரியா பெருக்கம். தீனியைக் குறைத்துக் காற்று விட்டால் ஒரு வாரம் பத்து நாளில் தானே தெளியும். பச்சை என்றால் ஒற்றைச் செல் பாசி: விளக்கை ஆறு மணி நேரத்துக்குக் குறையுங்கள், ஜன்னல் வெயிலை மறையுங்கள். இரண்டுமே நேரடியாக மீனைக் கொல்வதில்லை. குஞ்சு வளர்ப்பவர்களுக்குப் பச்சைத் தண்ணீர் கெடுதல் என்றுகூடச் சொல்ல முடியாது.

துடுப்பை ஒடுக்கிக்கொண்டு கல்லில் உரசுகிறது, உடம்பில் புள்ளி

டார்ச்சை எடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு மீனின் பக்கவாட்டிலிருந்து ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சுங்கள். ரவைத் துகள் ஒட்டியது போல, எண்ணக்கூடிய வெள்ளைப் புள்ளிகள் துடுப்பிலும் உடம்பிலும் மேடாக நின்றால் வெள்ளைப்புள்ளி நோய். பொடித்த தங்கத் தூள் தூவியது போல, எண்ணவே முடியாத நுண் பளபளப்பு முதுகில் தெரிந்தால் வெல்வெட். நேர் வெளிச்சத்தில் வெல்வெட் கண்ணுக்கே படாது, அதனால்தான் இந்தச் சாய்வு ஒளி.

வெள்ளைப்புள்ளியில் நாம் பார்க்கும் புள்ளி, தோலுக்கு அடியில் பதுங்கியிருக்கும் ஒட்டுண்ணி. அங்கே இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. சில நாளில் அது உதிர்ந்து அடித்தரையில் ஒட்டி, கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குட்டிகளாகப் பிரியும். அந்தக் குட்டிகள் மீனைத் தேடி நீந்தும் ஒன்றிரண்டு நாள்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. புள்ளி மறைந்ததும் "சரியாகிவிட்டது" என்று மருந்தை நிறுத்துகிறவர்கள் ஒரு வாரத்தில் மூன்று மடங்கு புள்ளியோடு திரும்பி வருவது இதனால்தான். செய்ய வேண்டியது:

1. வெப்பத்தை மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் போகாமல் ஏற்றி 30 டிகிரியில் நிறுத்துங்கள். ஒட்டுண்ணியின் சுழற்சி வேகமாகும், இந்தச் சூட்டில் அது பெருகுவதும் தடைப்படும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் ஏர் ஸ்டோன் ஒன்றைக் கூடுதலாகப் போடுங்கள்.
2. லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு. 45 லிட்டருக்கு 90 கிராம். அதை மூன்றாகப் பிரித்து, 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். கோரிடோராஸ், லோச் போன்ற அடித்தரை மீன்கள் இருந்தால் பாதி அளவில் நிறுத்திவிட்டுக் கவனியுங்கள். செடிகளில் சில வாடும்.
3. இரண்டு நாளுக்கு ஒரு முறை அடித்தரையைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். கூடு கட்டியவை அங்கேதான் இருக்கின்றன. எடுத்த தண்ணீருக்கு ஈடாக ஊற்றும் தண்ணீரிலும் அதே அளவு உப்பு இருக்கட்டும்.
4. மொத்தம் பத்து நாள். கடைசிப் புள்ளி மறைந்து மூன்று நாளாவது கழிய வேண்டும்.

தங்கமீனுக்கு 30 டிகிரி அதிகம். அதற்குச் சூட்டை ஏற்றாமல் உப்பை 3 கிராம் வரை கொண்டுபோய் நாளைக் கூட்டுங்கள். மாலகைட் கிரீன் கலந்த மருந்தும் வேலை செய்யும், ஆனால் அது கை உறையோடு கையாள வேண்டிய நஞ்சு. செதில் இல்லாத மீனுக்கு லேபிளில் சொன்னதில் பாதி.

வெல்வெட் என்றால் தொட்டியைத் துணி போட்டு மூடி இருட்டாக்குங்கள். அந்த ஒட்டுண்ணிக்குப் பச்சையம் உண்டு, ஒளி இல்லாமல் தளரும். தாமிரம் கலந்த மருந்து கேட்கும். இறால், நத்தை இருந்தால் அந்தத் தொட்டியில் தாமிரம் கூடவே கூடாது.

வாயைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு, முதுகில் சேணம் போட்டது போல வெளிறிய பட்டை

முந்தைய பகுதியைப் படித்துவிட்டு இங்கேயும் சூட்டை ஏற்றினால் மீன் பிழைக்காது. இதை அழுத்தமாகச் சொல்லக் காரணம், புது வளர்ப்பாளர்கள் கண்ணுக்கு வெள்ளை எல்லாம் ஒரே நோய்தான். பஞ்சு போலத் தெரிந்தாலும் இது பூஞ்சை இல்லை. காலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா. 28 டிகிரிக்கு மேல் அது பாய்ந்து பரவும், ஓரிரு நாளில் மீனை முடித்துவிடும். வெப்பத்தை மெல்ல 24-க்கு இறக்குங்கள், நோயுற்றதைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள், மீன் வலையைக்கூட இரண்டு தொட்டிக்கும் பொதுவாக வைக்காதீர்கள். மீனைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் சொல்லும் ஆன்டிபயாட்டிக் தேவைப்படும்; அதைத் தனித் தொட்டியில்தான் போட வேண்டும், பொதுத் தொட்டியில் போட்டால் ஃபில்டர் பாக்டீரியாவும் சேர்ந்து போகும். உண்மையான பூஞ்சை, ஏற்கனவே காயம் பட்ட இடத்தில் மட்டும், பஞ்சு இழை நீளமாக நிற்கும்படி வரும். மெதுவாக வளரும். வேகத்தை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம்.

துடுப்பின் ஓரம் கிழிந்திருந்தால் முதலில் கூட்டாளிகளைப் பாருங்கள். கடித்த துடுப்பில் பிறைபோலத் துண்டு காணாமல் போயிருக்கும், ஓரம் தெளிவாக இருக்கும். அழுகல் என்றால் ஓரம் வெளிறியோ சிவந்தோ நாள்பட உள்நோக்கி நகரும். அதற்கு முதல் மருந்து, ஒரு வாரம் நாள்தோறும் கால் பங்குத் தண்ணீர் மாற்றுவது.

மோலி நின்ற இடத்திலேயே ஆடுகிறது

முன்னே நகராமல் உடம்பை மட்டும் இடவலமாக அசைக்கும். பெரும்பாலும் தண்ணீர் மிக மென்மை, அல்லது குளிர். மோலிக்குக் கடினத் தண்ணீர் வேண்டும். ஒரு கைப்பிடி கிளிஞ்சல் அல்லது பவளத் துண்டை வலைப்பையில் கட்டி ஃபில்டரில் வையுங்கள், 26-28 டிகிரியில் வைத்திருங்கள், லிட்டருக்கு 1 கிராம் உப்பு போடுங்கள்.

வயிறு சரியில்லை

உப்பிய வயிறு, மீன் தலைகீழாகவோ சாய்ந்தோ மிதக்கிறது, ஆனால் தின்ன ஆசைப்படுகிறது: மலச்சிக்கல். உருண்டைத் தங்கமீனுக்கும் சண்டைமீனுக்கும் அடிக்கடி வரும். மூன்று நாள் பட்டினி போடுங்கள். அதன் பிறகு தங்கமீனுக்கு வேகவைத்துத் தோல் உரித்த பட்டாணி, சண்டைமீனுக்கு டாஃப்னியா (நீர்த்தெள்ளு).

மேலிருந்து பார்த்தால் செதில்கள் விரிந்து அன்னாசிப் பழம் போலத் தெரிகிறது: சிறுநீரகம் செயலிழந்து உடம்பில் நீர் கோத்திருக்கிறது. இந்தக் கட்டத்துக்கு வந்தது மீள்வது அரிது. தனித் தொட்டியில் 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு நீரை வடிக்கும், வேதனையைக் குறைக்கும்.

கப்பியோ மோலியோ நன்றாகத் தின்கிறது, ஆனால் வயிறு ஒட்டிப்போகிறது. அசையாமல் நிற்கும்போது மலத்துவாரத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று சிவப்பு நூல் முனை வெளியே நீட்டி, மீன் நகர்ந்ததும் உள்ளே இழுத்துக்கொண்டால் காமலானஸ் புழு. மலம் என்றால் உள்ளே திரும்பிப் போகாது. லெவமிசோல் என்னும் புழு மருந்து லிட்டருக்கு 2 மில்லிகிராம், 45 லிட்டருக்கு 90 மில்லிகிராம். விளக்கை அணைத்துத் தொட்டியை மூடி வையுங்கள், ஒளி அந்த மருந்தைக் கெடுக்கும். 24 மணி நேரம் கழித்து அடித்தரையை நன்றாக உறிஞ்சி எடுங்கள். மருந்து புழுவை மரத்துப்போகச் செய்து வெளியே தள்ளுகிறது. கீழே கிடப்பதை மற்ற மீன் தின்றால் பழைய கதைதான். பாதிக்கு மேல் தண்ணீர் மாற்றுங்கள். மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. ஒரு மீனிடம் நூல் தெரிந்தால் தொட்டி முழுவதற்கும் மருந்து.

கப்பி சினையாகவே இருக்கிறது, குஞ்சைக் காணோம்

சினைக்காலம் 21-லிருந்து 30 நாள். குளிர்ந்தால் நீளும். ஈனும் நாள் நெருங்கினால் வயிற்றின் முன்பக்கம் செங்குத்தாகி, பக்கவாட்டில் பார்க்கச் சதுரமாகத் தெரியும். வால் பக்கக் கரும்புள்ளி பெரிதாகும். அப்படி இருந்த மீன் ஒரு காலையில் ஒல்லியாகத் தெரிந்தால், இரவில் ஈன்றிருக்கிறது, தொட்டியே தின்று முடித்துவிட்டது. ஜாவா பாசியையும் மிதக்கும் செடியையும் மேல்மட்டத்தில் கை நுழையாத அடர்த்திக்கு நிரப்புங்கள். பிறந்த குஞ்சு மேலே ஓடித்தான் ஒளியும்.

சின்ன பிளாஸ்டிக் ஈனும் பெட்டிக்குள் வாரக்கணக்கில் அடைத்தால் தாய் அஞ்சி, மஞ்சள் கரு வயிற்றில் தொங்கும் குறைமாதக் குஞ்சுகளைத் தள்ளும். அவை அடியில் கிடந்து துடித்து ஓரிரு நாளில் செத்துப்போகும். பெட்டியே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. செடி நிறைந்த தனித் தொட்டிக்குக் கடைசி வாரத்தில் மாற்றுவது எவ்வளவோ மேல்.

விரும்பிய ஆணோடு சேர்த்தும் குஞ்சு வேறு நிறத்தில் வருகிறதா? பெண் கப்பி பழைய ஆணின் விந்தைப் பல மாதம் சேமித்து வைத்திருக்கும். நிறம் பார்த்து இனவிருத்தி செய்பவர்கள் குஞ்சுகளை நான்கு வாரத்துக்குள் ஆண், பெண் பிரித்தாக வேண்டும். பெண்ணின் கீழ்த் துடுப்பு விசிறி போல இருக்கும். ஆணுடையது ஒடுங்கிக் குச்சி போல நீளும்.

முட்டைகள் வெளுத்துப்போகின்றன

எப்போது வெளுத்தன? முதல் 24 மணி நேரத்துக்குள் பெரும்பாலான முட்டை பால் வெள்ளையானால், கருவே கூடவில்லை. பூஞ்சையைத் தடுக்கும் மெத்திலீன் புளூ ஊற்றிப் பயனில்லை. ஏஞ்சல் மீனில் இரண்டு பெண்கள் ஜோடி சேர்ந்து ஒழுங்காக இலையைத் துடைத்து முட்டையிட்டு அடைகாப்பது உண்டு. தொடர்ந்து எல்லாம் வெளுத்தால் அதைச் சந்தேகப்படுங்கள். முட்டையிடும் நேரத்தில் மீனின் வயிற்றடியில் நீட்டும் சின்னக் குழாயைப் பாருங்கள்: பெண்ணுக்குத் தடித்து மழுங்கியிருக்கும், ஆணுக்கு மெலிந்து கூர்மையாக இருக்கும். நியான் போன்ற டெட்ராக்களில் கடினத் தண்ணீரே காரணமாக இருக்கும்.

முதல் நாள் தேன் நிறத்தில் தெளிவாக இருந்து, அடுத்த நாள் ஒரு மூலையில் தொடங்கிப் பக்கத்து முட்டைகளுக்கு மயிர் போலப் பரவினால் பூஞ்சை. செத்த முட்டையில் தொடங்கி உயிருள்ளதை மூடிக் கொல்லும். வெளுத்ததைச் சொட்டுக் குழாயால் ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள், லிட்டருக்கு 1 மில்லிகிராம் மெத்திலீன் புளூ, முட்டைமேல் படாமல் பக்கத்தில் ஏர் ஸ்டோன். கரு கூடிய ஏஞ்சல் முட்டை 28 டிகிரியில் 60 மணி நேரம் சுமாருக்குப் பொரியும். இரண்டாம் நாள் லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்ளே துடிக்கும் வால் தெரியும்.

புது ஏஞ்சல் ஜோடி முதல் சில தடவை தன் முட்டையைத் தானே தின்றால் பதற வேண்டாம். ஜீப்ரா டேனியோவோ எப்போதும் தின்னும். அடியில் கோலிக்குண்டு இரண்டு அடுக்குப் பரப்பி, மாலையில் ஜோடியை விட்டு, காலையில் முட்டை விழுந்ததும் எடுத்துவிடுங்கள்.

குஞ்சுகள் கொத்தாகச் சாகின்றன

இங்கே எத்தனையாவது நாள் என்பதே பாதி விடை.

பொரித்த மூன்றிலிருந்து ஆறாவது நாளுக்குள் என்றால், பசி. பொரித்ததும் மஞ்சள் கரு இரண்டு மூன்று நாள் சோறு போடும், அதற்குள் தீனி போட்டால் தண்ணீர்தான் கெடும். கரு தீர்ந்து கிடைமட்டமாக நீந்தத் தொடங்கிய அன்று தீனி தயாராக இருக்க வேண்டும். சண்டைமீன் குஞ்சின் வாய்க்குப் பொடித் தீனி பாறாங்கல். இன்ஃபுசோரியா என்னும் நுண்ணுயிர்த் தீனி வேண்டும், அதை ஜோடி சேர்க்கும் நாளிலேயே தொடங்க வேண்டும்.

அகன்ற வாய் ஜாடியில் ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீர், ஸ்பான்ஜிலிருந்து பிழிந்த இரண்டு சொட்டு, வெந்நீரில் வதக்கிய ஒரு முட்டைக்கோஸ் இலைத் துண்டு. இரண்டாம் நாள் பால் போலக் கலங்கி நாறும். அது பாக்டீரியா, அதை ஊற்றினால் குஞ்சு சாகும். நான்கு, ஐந்தாம் நாள் நாற்றம் போய்த் தண்ணீர் தெளியும். இருட்டில் ஜாடிக்குப் பின்னால் டார்ச் பிடித்துப் பாருங்கள்: தூசு போன்ற வெண்துகள்கள் தாமாகத் திசை மாற்றி ஓடினால் தயார். நாளுக்கு மூன்று வேளை, வேளைக்குச் சில மில்லிலிட்டர்.

மூன்று, நான்கு நாள் கழித்து ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறாலின் குஞ்சு. ஏஞ்சல், கப்பிக் குஞ்சுகளுக்கு நீந்தத் தொடங்கிய முதல் நாளிலிருந்தே இதைக் கொடுக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் உப்பு, சிட்டிகை சோடா உப்பு, அரைத் தேக்கரண்டி ஆர்ட்டீமியா முட்டை, 28 டிகிரி, விளக்கு, முட்டை அடியில் தங்காத அளவுக்குக் காற்று. 24 மணி நேரத்தில் பொரியும். பொரியவில்லை என்றால் பெரும்பாலும் முட்டை ஈரம் பட்டுக் கெட்டிருக்கும். டப்பாவைக் காற்றுப் புகாமல் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டு, அடிப்பக்கம் ஓர் ஒளி காட்டினால், ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சுக் கூட்டம் ஒளியருகே திரளும். அதை மட்டும் உறிஞ்சி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். ஓடு கலந்தால் குஞ்சின் குடலை அடைக்கும். பொரித்த ஆறேழு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் சத்து, அதற்குமேல் அவை தம் கருவையே தின்று தீர்த்திருக்கும். தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சு மணி போலத் தெரியும். தெரியாத குஞ்சு தின்னவில்லை.

இரண்டாவது வாரம் என்றால், தரை அழுக்கு. மிஞ்சிய ஆர்ட்டீமியா நல்ல தண்ணீரில் சில மணி நேரத்தில் செத்து அழுகும். ஏர் பம்ப் குழாயையே உறிஞ்சும் குழாயாக்கி நாள்தோறும் தரையை எடுங்கள், வாளியில் விழுந்த குஞ்சைத் திருப்பி விடலாம். அதே நேரத்தில் கண்ணாடியில் வெண்ணிற நூல்கையோடு குச்சி குச்சியாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அது ஹைட்ரா. ஆர்ட்டீமியா தின்று பெருகும், சின்னக் குஞ்சைப் பிடித்துத் தின்னும். ஃபென்பெண்டசோல் என்னும் புழு மருந்து அதைக் கொல்லும், நத்தைகளை முன்னதாக வெளியேற்றுங்கள்.

சண்டைமீன் குஞ்சுகள் மூன்று, நான்கு வாரத்தில் கொத்தாகச் செத்தால், மூடியைத்தான் பார்க்க வேண்டும். காற்றை நேரடியாக மூச்சுவிடும் உறுப்பு அப்போதுதான் உருவாகிறது. குளிர்ந்த உலர்ந்த காற்று மேலே நின்றால் அது கெடும். முதல் நாளிலிருந்தே தொட்டியை இறுக்கமாக மூடி, மேற்பரப்புக்கு மேலுள்ள காற்றும் தண்ணீரின் சூட்டிலேயே இருக்கும்படி வையுங்கள். மேலே எண்ணெய்ப் படலம் கட்டினால் நாள்தோறும் ஒற்றி எடுங்கள். தந்தை மீனைக் குஞ்சுகள் கிடைமட்டமாக நீந்தியதுமே எடுத்திருக்க வேண்டும். அதற்குமேல் விட்டால் அதுவே தின்னும்.

ஒரே ஈற்றில் பாதிக் குஞ்சு பெரிது, பாதி சிறிது

நெரிசலும் தீனி எட்டாததும். நாளுக்கு நான்கைந்து வேளை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், இரண்டு நாளுக்கு ஒரு முறை கால் பங்குத் தண்ணீர் மாற்றுங்கள். பெரியவற்றைத் தனியே எடுத்தால் சிறியவை இரண்டு வாரத்தில் எட்டிப் பிடிக்கும். எட்டிப் பிடிக்காதவற்றை இனவிருத்திக்கு வைக்க வேண்டாம்.

முதுகு வளைந்த மீன்

பிறவியிலேயே வளைந்த குஞ்சு ஈற்றுக்கு ஒன்றிரண்டு வந்தால், பல தலைமுறை உறவுக்குள்ளேயே சேர்த்ததன் விளைவு. வேறு வழியில் வந்த ஆணைக் கொண்டுவாருங்கள். நேராக இருந்த வளர்ந்த மீன் மெலிந்து, நிறம் வெளுத்து, மாதக்கணக்கில் வளைந்தால் மீன் காசநோயாக இருக்கலாம். இதற்கு வீட்டில் நம்பத்தக்க மருந்து இல்லை. அந்த பாக்டீரியா கையிலுள்ள கீறல் வழியாக மனிதருக்கும் வந்து ஆறாத கட்டியாக நிற்கும். முழங்கை வரை உறை போட்டுக்கொண்டுதான் தொட்டிக்குள் கை விட வேண்டும், குழாயை வாயால் உறிஞ்சித் தொடங்கவே கூடாது. அந்த மீனைத் தனியாக்குங்கள், அதன் முட்டையையோ குஞ்சையோ வேறு தொட்டிக்குக் கொடுக்காதீர்கள். கையில் வாரக்கணக்கில் ஆறாத முடிச்சு இருந்தால் தோல் மருத்துவரிடம் மீன் தொட்டி வைத்திருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாமல் போகலாம்.